தொண்ணூற்று நான்காம் பக்கத்தில் பிரிஜட்

பிரிஜட் அந்தப் பக்கத்தை மூன்றாவது முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். வைத்த வேகத்தில் அது சறுக்கிக்கொண்டுபோய்க் கணவரின் சாப்பாட்டுத் தட்டில் முட்டி நின்றது.

"என்ன ஆச்சு?" என்றார் சூசைநாதன். சிங்கப்பூரில் முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எதற்கும் பதறாதவர். சில நாட்களில் அதுவே அவளுக்குப் பெரிய எரிச்சல்.

"என்னைப் பத்தி எழுதியிருக்காங்க."

"நல்லதுதானே லா."

"என்ன எழுதியிருக்குன்னு கேளுங்க. விருந்து அட்டையில நான் மணியைத் தப்பாப் போட்டேனாம். இருபத்திரண்டு பேரை மழையில நிக்க வச்சேனாம். அப்புறம் அவங்க ஓடி வந்து காப்பாத்தினாங்களாம்."

"யாரு, ரூத் மேடமா?"

"வேற யாரு."

சூசைநாதன் ஒரு துண்டு மீனை முள் நீக்கி வாயில் போட்டு மென்று முடித்தார். "அந்தக் கஞ்சி விஷயமா? அது நடந்து இருபது வருஷம் இருக்குமே. விட்டுத்தள்ளு. யாரு படிக்கப் போறா?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் யாரும் படிக்க மாட்டாங்க. அதுக்கப்புறம் உலகமே படிக்கலாம். நான் செத்தாலும் இது இருக்கும், நீங்க செத்தாலும் இருக்கும்."

"என்னை எதுக்கு இதுல இழுக்கிற?" என்றார் அவர்.

பிரிஜட் தட்டருகில் கிடந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தாள். பாசிர் ரிஸில் அவர்கள் வீட்டுச் சன்னலுக்கு வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. நாளை வியாழன். ஒரே ஒரு நாள்தான் கையில் இருந்தது.

ரூத் கேலவே ஓய்வு பெற்ற அமெரிக்க ராஜதந்திரி. வயது எழுபத்தெட்டு. பழைய அதிகாரிகளை உட்கார வைத்து அவர்கள் வேலை பார்த்த கதையை முழுவதும் பேசச் சொல்லிப் பதிவு செய்யும் ஒரு குழு அவருடைய ஊரில் இருக்கிறது. ரூத் பதினோரு நாள் பேசியிருந்தார். அது நூற்று அறுபது பக்கமாகத் தட்டெழுதி வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் திருத்திக் கொடுத்துவிட்டால் ஆவணமாக ஏறிவிடும். பிறகு ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது.

மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்ததால் மூன்று மாதம் அவனோடு தங்க வந்திருந்தார் ரூத். வந்து இரண்டரை மாதம் ஆன பிறகுதான் பிரிஜட்டைத் தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரிப்பு அரை நிமிடம். பிறகு, "தேதிகளை மட்டும் ஒரு பார்வை பாத்துக் குடு பிரிஜட், உன் கண்ணு பட்டாப் போதும்." பிரிஜட் ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிவிட்டதை அவர் மறந்தேபோயிருந்தார். அவளும் மறந்துபோய், "சரி மேடம்" என்று சொல்லித் தொலைத்தாள்.

இதில் பெரிய கொடுமை, முதல் தொண்ணூற்று மூன்று பக்கங்களைப் படித்து அவள் இரண்டு முறை அழுதிருந்தாள் என்பதுதான்.

ரூத் 1969இல் இருபத்து மூன்று வயதில் வேலையில் சேர்ந்தவர். மறு வருடம் கல்யாணம். அந்தக் காலத்தில் அந்தப் பணியில் இருக்கும் பெண் கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிட வேண்டும் என்பதுதான் வழக்கம். கணவரும் அதே பணியில்தான் இருந்தார். அவர் நாற்காலியில் இருக்க, ரூத் அவருடைய மேலதிகாரியின் மனைவி வீட்டில் கேக் வெட்டித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். எழுபத்து நான்கில் மறுபடி சேர்ந்தார். கணவர் விட்டுப் போய்விட்டார், கையில் குழந்தை. ஒரு நாட்டில் ஓர் அமைச்சர், "அதிகாரி எங்கேம்மா, அவரை வரச் சொல்லு" என்று அவரிடமே சொன்னார். இன்னொரு நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த அன்று குளியல் தொட்டிக்குள் மகனைப் படுக்க வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தொலைபேசியில் அறிக்கை சொன்னார். இரண்டு நாள் அப்படியே. படித்தபோது பிரிஜட்டுக்கு, இந்தப் பெண்மணியிடமா நான் வேலை பார்த்தேன் என்று பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த பக்கத்தைத் திருப்பினால், அங்கே அவள் இருந்தாள். 'என் உதவியாளர், பிரிஜட் என்ற இனிமையான உள்ளூர்ப் பெண்.' இனிமையான பெண் செய்த தவறுதான் அடுத்த பதினெட்டு வரிகள். மீதிப் பக்கங்களையும் புரட்டித் தேடினாள்; நூற்று அறுபது பக்கத்தில் அவள் பெயர் வருவது அந்த ஓர் இடத்தில் மட்டும்தான்.

பிரிஜட்டும் வேலை பார்த்தவள்தான். கான்வென்ட் படிப்பு, தட்டச்சு, 1982இல் சிங்கப்பூர் அமெரிக்கத் தூதரகத்தில் வேலை. முப்பத்தைந்து வருடம், பதினொரு மேலதிகாரிகள். விருந்து மேசையில் யாருக்கு வலப்பக்கம் யார், யார் மாட்டிறைச்சி தொடமாட்டார், யாரையும் யாரையும் அருகருகே உட்கார வைத்தால் சூப்பு வருவதற்குள் சண்டை வரும், எல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. அமெரிக்கர்கள் மூன்று வருடத்துக்கு ஒரு முறை பெட்டி கட்டிக்கொண்டு பெரிய பதவிக்குப் போனார்கள். அடுத்தவர் வந்து, "கழிப்பறை எந்தப் பக்கம்?" என்பதிலிருந்து தொடங்குவார். பிரிஜட் காட்டுவாள்.

அந்த விருந்து நடந்தது ரூத் அங்கே அவளுடைய மேலதிகாரியாக இருந்த 2003 நவம்பரில். ரமலான் மாதம். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இருபத்திரண்டு பேரைத் தம்பதிகளாகத் தன் பங்களாவுக்கு நோன்பு துறக்க அழைக்க வேண்டும் என்பது ரூத்தின் ஆசை. நல்ல ஆசைதான். அட்டையில் ஏழரை மணி என்று போடச் சொன்னார். பிரிஜட் குறிப்பு எழுதி வைத்தாள்: 'நோன்பு துறக்கும் நேரம் 6.49. ஆறரைக்கு அழைக்க வேண்டும்.' குறிப்பு திரும்பி வந்தது. மேலே ரூத்தின் கையெழுத்தில் ஒரே வரி: 'விருந்து என்றால் விருந்து. ஏழரை.' வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு பெரிய விருந்தினருக்காக மோப்ப நாயை விட்டு வீட்டைச் சோதிப்பார்கள், அதற்கு முன்னால் ஒருவரையும் உள்ளே விடக் கூடாது என்று வாசல் காவலாளியிடமும் சொல்லிவைத்தார்.

ரூத்துக்குத் தெரியாதது ஒன்று உண்டு. நோன்பு துறக்கும் விருந்து என்று அழைத்துவிட்டால் இங்கே யாரும் அட்டையில் மணி பார்க்க மாட்டார்கள், பொழுதைத்தான் பார்ப்பார்கள். ஆறரைக்கெல்லாம் பட்டுச் சட்டையும் சேலையுமாக அத்தனை பேரும் வாசலில் நின்றார்கள். கதவு பூட்டியிருந்தது, உள்ளே நாய். தூறல் மழையானது. கஞ்சி கொண்டுவந்த இப்ராஹீம் பாயின் வேனையும் காவலாளி உள்ளே விடவில்லை.

ஆறு நாற்பத்தைந்துக்கு பிரிஜட் வேனின் பின்கதவைத் தானே இழுத்துத் திறந்தாள். பேரீச்சம்பழ டப்பாவைக் கையில் எடுத்தாள். காகிதக் குவளைகளில் கஞ்சியை ஊற்றி ஊற்றி, குடைக்குள் குடையாக நுழைந்து கொடுத்தாள். இருபத்திரண்டு பேரும் சாலையோரப் புல்தரையில் நின்று நோன்பு துறந்தார்கள். ரூத் அப்போது மாடியில் தலைமுடிக்குச் சுருள் வைத்துக்கொண்டிருந்தார். அவர் இறங்கி வந்தது ஏழு இருபதுக்கு.

மறுநாள் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். "என் பேர்ல ஒரு தப்பு பதிவாச்சுன்னா என்னை இனிமே எங்கேயும் தூதரகத் தலைவரா அனுப்ப மாட்டாங்க. ஒரு பொம்பளை எப்போ சறுக்குவான்னுதான் காத்துக்கிட்டிருக்காங்க. நீ உள்ளூர். உன்னை யாரும் எங்கேயும் மாத்தப்போறதில்லை." அவர் கண் கலங்கியிருந்தது. பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ள பிரிஜட் சரி என்றாள். எச்சரிக்கைக் கடிதம் அவள் பெயருக்கு வந்தது. அடுத்த வருடம் அவளுக்கு வரவேண்டியிருந்த பிரிவுத் தலைவி பொறுப்பு இன்னொருத்திக்குப் போனது. அதற்கும் அடுத்த வருடம் மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன நாட்டுக்குத் தூதராகப் போனார் ரூத்.

வியாழன் காலை பதினொரு மணிக்கு டன்லப் தெருவில் இப்ராஹீம் பாயின் கடையில் சந்திப்பதாக ஏற்பாடு. இடத்தைத் தேர்ந்தெடுத்தது பிரிஜட். சாட்சிக்கு ஆள் பக்கத்தில் இருக்கட்டும் என்ற கணக்கு.

ரூத் கைத்தடியோடு வந்து உட்கார்ந்தார். பாலும் சர்க்கரையும் போடாத தே ஓ தேநீர் கேட்டார். அவர்கள் இருவருக்கும் பேச்சு எப்போதும் ஆங்கிலத்தில்தான்.

"தேதியெல்லாம் சரியா இருக்கா பிரிஜட்?"

"நூற்று இருபதாம் பக்கம் வரைக்கும் பதினேழு இடத்துல தப்பு. திருத்திட்டேன். தொண்ணூற்று நாலாம் பக்கம் முழுசும் தப்பு மேடம்."

"ஓ, அந்தக் கஞ்சிக் கதையா? எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை அது."

"மணி போட்டது நான் இல்ல. நீங்க."

ரூத் புன்னகைத்தார். அந்தப் புன்னகையை பிரிஜட்டுக்கு நன்றாகத் தெரியும். முடியாது என்று சொல்ல வேண்டிய இடங்களில் எல்லாம் அவர் அதைத்தான் வைப்பார். "உன்னோட கருத்தை நான் ரொம்ப மதிக்கிறேன்" என்றார்.

"கருத்து இல்ல மேடம். நடந்தது."

"ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி ஞாபகம் இருக்கும், இல்லையா? அதை நாம கவனத்துல எடுத்துக்கலாம்."

"கவனத்துல எடுத்துக்கலாம்னா குப்பையில போடுறதுன்னு அர்த்தம். எத்தனை கடிதத்துல அந்த வார்த்தையை நானே டைப் பண்ணியிருக்கேன்."

ரூத் தேநீரைக் கலக்கினார். சர்க்கரையே இல்லாத தேநீரில் கலக்க என்ன இருக்கிறது என்று பிரிஜட்டுக்கு அதுவும் எரிச்சலாக வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நம்ம ஆபீஸ்ல ஒரு காகிதம் வெளிய போகணும்னா, அதுல யார் பேர் இருக்கோ அத்தனை பேரும் பார்த்து ஓரத்துல இனிஷியல் போடணும். இல்லாமப் போகாது. அந்த இனிஷியலுக்காக ஒவ்வொரு ரூமா முப்பத்தஞ்சு வருஷம் ஓடினவ நான். ஒரு நாளும் ஒருத்தரும் என் இனிஷியலைக் கேட்டதில்ல. இந்தப் பக்கத்துல என் பேர் இருக்கு. நான் போட மாட்டேன். போடாம இதை நீங்க அனுப்புவீங்களா?"

ரூத்தின் கரண்டி நின்றது. இனிஷியல் இல்லாத காகிதத்தை அனுப்பாதது அவருக்கும் நாற்பது வருடப் பழக்கம். பிறகு, "வேற யாராவது பாத்தவங்க இருக்காங்களா?" என்றார்.

இதற்குத்தான் பிரிஜட் காத்திருந்தாள். "பாய், இங்க கொஞ்சம் வாங்க."

இப்ராஹீம் பாய் தோள்துண்டில் கை துடைத்துக்கொண்டே வந்தார். எழுபதைத் தாண்டியவர். ரூத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"பாய், மேடத்துக்கிட்ட சொல்லுங்க. அன்னைக்கு கேட்டுல நின்னு உங்களுக்கெல்லாம் கஞ்சி ஊத்திக் குடுத்தது யாரு?"

பாய் ரூத்தைப் பார்த்தார். ரூத் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். "மேடம்தான்" என்றார் பாய், ஆங்கிலத்தில், தெளிவாக. "மேடம் கையால ஊத்தினாங்க. எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம்."

பிரிஜட் சட்டென்று தமிழுக்கு மாறினாள். "பாய், உங்க வேன் கதவைத் தொறந்தது யாரு?"

"நீதான்மா தொறந்த. அதுல என்ன சந்தேகம்? கீல்கூட வளைஞ்சுபோச்சு, அடுத்த நாள் நான்தான் சரி பண்ணேன்."

"அப்போ ஏன் இப்படிச் சொன்னீங்க?"

"கடைக்கு வந்த விருந்தாளிகிட்ட மூஞ்சிக்கு நேரா இல்லேன்னு எப்படிமா சொல்றது? வயசானவங்க வேற."

"எனக்கு மட்டும் வயசாகலையா?"

"நீ நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி. உனக்கு என்ன?" என்று சொல்லிவிட்டு, "பரோட்டா சூடா இருக்கு, அனுப்பவா?" என்றும் கேட்டுவிட்டு, அவர் அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

வீட்டுப் பொண்ணு. இனிமையான உள்ளூர்ப் பெண். வாழ்க்கை முழுவதும் அவளைத் தட்டிக்கொடுத்தே ஓரத்தில் உட்கார வைத்தவர்கள்தான் எத்தனை பேர் என்று அவள் எண்ணிப் பார்த்தாள்.

"பாத்தியா?" என்றார் ரூத் மெதுவாக. வெற்றி பெற்றவரின் குரல் இல்லை அது, சமாதானம் செய்கிறவரின் குரல். அது இன்னும் மோசம். "என்கிட்ட படம்கூட இருக்கு." கைப்பேசியை எடுத்து நெடுநேரம் தேடினார். கண்டுபிடித்து நீட்டினார்.

படத்தில் ரூத் கையில் கரண்டியோடு நின்றார். எதிரே குவளைகளை நீட்டியபடி விருந்தினர்கள். பின்னால் வேன்.

பிரிஜட் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். "எல்லாரோட தோளையும் பாருங்க மேடம்."

ரூத் குனிந்து பார்த்தார். இப்ராஹீம் பாயின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஓர் அம்மாளின் சேலைத் தலைப்பு நனைந்து தலையோடு படிந்திருந்தது. ஒருவர் மூக்குக்கண்ணாடியில் தண்ணீர்த் துளிகள்.

"இப்போ உங்களைப் பாருங்க."

ரூத்தின் பட்டுச் சட்டையில் இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை. தலைமுடி சுருள் சுருளாக, அழகாக, காய்ந்து இருந்தது.

"மழை நின்னிருக்கும்" என்றார் ரூத்.

"நின்னுடுச்சு. நின்ன பிறகுதான் நீங்க வந்தீங்க. அவங்க நோன்பு துறந்து அரை மணி நேரம் ஆயிருந்துச்சு. படத்துக்காக ஒரு கரண்டி ஊத்தினீங்க."

"நீ எங்க? படத்துல உன்னைக் காணோமே."

"படம் எடுத்தது நான்."

கடைக்குள் பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ரூத் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. எழுபத்தெட்டு வயது முழுவதும் ஒரே நிமிடத்தில் அந்த முகத்தில் வந்து இறங்கியதுபோல.

"இருபது வருஷமா இது என் வீட்டுச் சுவர்ல இருக்கு. வர்றவங்க எல்லாருக்கும் இந்தக் கதையைச் சொல்லுவேன். சொல்லிச் சொல்லி..." நிறுத்தினார். "நான் பொய் சொல்லல, பிரிஜட்."

"தெரியும் மேடம். அதுதான் எனக்கு எரிச்சலே. பொய் சொல்லியிருந்தா ஒரு சண்டை போட்டுட்டுப் போயிருப்பேன்."

"அப்போ அந்த எச்சரிக்கைக் கடிதம்?"

"நீங்க சொல்லச் சொல்ல நான்தான் டைப் பண்ணேன். ஒரு வாக்கியம் பாதியில நின்னுச்சு. அதையும் முடிச்சுத்தான் உங்க கையெழுத்துக்குக் கொண்டுவந்தேன்."

ரூத் கண்களை மூடிக்கொண்டார். பிரிஜட் இருபத்தொரு வருடமாகச் சொல்ல நினைத்தது இதுதான். சொன்ன பிறகும் அது பாரமாகவே இருந்தது.

"அந்தக் கடிதத்தை நான் திரும்ப வாங்கிக்க முடியுமா?"

"என் ஃபைல் எல்லாம் எப்பவோ கிழிச்சாச்சு. இனிமே மிஞ்சப்போறது இந்தப் பக்கம் ஒண்ணுதான்."

ரூத் பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தார். பழக்கத்தில் முகட்டைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினார்: "அந்த மாலை, நேரம் குறித்து ஒரு குழப்பம் ஏற்பட்டது..."

பிரிஜட்டின் கை தானாகப் பேனாவை எடுத்துவிட்டிருந்தது. அவள் தன் கையையே பார்த்தாள். பேனாவை ரூத்தின் முன் வைத்தாள்.

"நீங்களே எழுதுங்க. குழப்பம் தானா வந்து உக்காரல. யார் கொண்டுவந்தாங்கன்னும் எழுதுங்க."

ரூத் எழுதினார். ஒரு வரிக்கு இரண்டு நிமிடம் ஆனது. பரோட்டா வந்து ஆறியது. பக்கத்து மேசையில் இரண்டு கூட்டம் சாப்பிட்டு எழுந்து போனது. பிடுங்கி எழுதி முடித்துவிடலாமா என்று பிரிஜட்டுக்குக் கை துடித்தது. இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டாள்.

முதல் பிரதியில், 'என் உயிர்த் தோழி பிரிஜட் செய்த மகத்தான தியாகம்' என்று இருந்தது. பிரிஜட் அதை அடித்தாள்.

"ஏன்? உண்மைதானே?"

"நான் உங்க தோழி இல்ல மேடம், உங்க ஸ்டாஃப். தோழியா இருந்தா வந்த முதல் வாரமே கூப்பிட்டிருப்பீங்க. மணி போட்டது யாரு, சொன்னதைக் கேக்காதது யாரு, கஞ்சி ஊத்தினது யாரு, கடிதம் யாருக்குப் போச்சு. அது போதும்."

ரூத் புதுத் தாள் எடுத்தார். இந்த முறை ஒன்பது வரிதான் வந்தது. எந்த வரியிலும் அலங்காரம் இல்லை. கடைசி வரியில் இப்படி இருந்தது: 'அவர் எச்சரித்தார், நான் கேட்கவில்லை, தண்டனை அவருக்குப் போனது, பதவி எனக்கு வந்தது.' கீழே கையெழுத்தும் போட்டார்.

பிரிஜட் இரண்டு முறை படித்தாள். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை விட்டுவிட்டாள். தாளின் ஓரத்தில் பி. சூ. என்று இரண்டே எழுத்து எழுதினாள். பிறகு கைப்பேசியால் அந்தத் தாளைப் படம் எடுத்தாள். திருத்தங்களை அனுப்ப வேண்டிய முகவரியை ரூத்தே அவளுக்கு முன்பே கொடுத்திருந்தார்.

ரூத் ஆறிப்போன தேநீரை ஒரு வாய் குடித்தார். "பிரிஜட், இதை ஒரு ராத்திரி என்கிட்ட வச்சுப் பாத்துட்டு நாளைக்குக் காலையில அனுப்பலாமே? ஒரு வார்த்தை ரெண்டு வார்த்தை..."

"அனுப்பிட்டேன் மேடம்."

"எப்போ?"

"இப்போதான்."

ரூத் குவளையைக் கீழே வைத்தார். கோபம் வந்து, போய், மறுபடி வந்தது தெரிந்தது. "என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"உங்க கையெழுத்து இருக்கு, என் இனிஷியலும் இருக்கு. வேற யார்கிட்ட கேக்கணும்?"

ரூத் தான் கையெழுத்துப் போட்ட தாளை ஒரு முறை பார்த்தார். பிறகு மேசைமேல் கிடந்த நூற்று அறுபது பக்கக் கட்டை அவள் பக்கம் தள்ளினார். "நூற்று இருபதுக்கு மேல நீ இன்னும் பாக்கலன்னு நினைக்கிறேன். அந்த ஆப்பிரிக்கா பகுதியில பேரெல்லாம் எனக்குக் குழப்பம். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சா..."

பிரிஜட் கட்டைக் கையில் எடுத்தாள். விளிம்புகளைத் தட்டிச் சமப்படுத்தினாள். ரூத்தின் முன்னாலேயே திருப்பி வைத்தாள்.

"அங்க நான் இல்ல மேடம். நீங்களே பாருங்க."

எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். பாய் அடுப்பருகிலிருந்து, "சாப்பிடாமப் போறியேம்மா" என்றார்.

"விருந்தாளியைக் கவனிங்க பாய்" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி ரயில் நிலையத்தை நோக்கி நடந்தாள்.